குழாயை எப்போது எடுப்பது?

2003-ல் வந்த ஹட்ச் விளம்பரம் நினைவிருக்கிறதா? சிறுவன் போகுமிடமெல்லாம் பின்னாலேயே ஓடிய அந்தப் பக் நாய்க்கு நாடே மயங்கியது. பக் வாங்கியவர்கள் வீட்டில் குறட்டைச் சத்தமும் குடியேறியது. “எங்க பப்பு மனுஷன் மாதிரியே குறட்டை விடுறான்” என்று பெருமைப்படுகிறவர்கள் இன்றும் உண்டு. உண்மையில் அது மூச்சுக்காக நடக்கும் மல்லுக்கட்டு.

அழகென்று நினைத்து தலைமுறை தலைமுறையாகப் பக் நாயின் முகத்தைச் சப்பையாக்கியது நாம்தான். உள்ளிருக்கும் சதை அதற்கேற்பக் குறையவில்லை. நாசித்துவாரம் வெறும் கீறலாகிவிட்டது. நீண்ட மெல்லண்ணம் குரல்வளையை அடைக்கிறது. துவாரத்தை அகலமாக்கி, அண்ணத்தின் மிகுதியை வெட்டியெடுப்பதுதான் அறுவை சிகிச்சை.

டாக்டருக்கு அது சில மணி நேர வேலைகூட இல்லை. நர்ஸுக்கு ஒரு பகல், ஒரு இரவு. பயந்தால் நாய் இரைக்கும்; இரைத்தால் தொண்டை வீங்கும், உடம்பு கொதிக்கும்; சூட்டைத் தணிக்க மேலும் இரைக்கும். அதனால் கழுத்துப்பட்டையைக் கழற்றிவிட்டு, சத்தமில்லாத குளிர்ந்த அறையில் வைப்பார். மயக்க மருந்துக்கு முன் 5 நிமிடமாவது ஆக்ஸிஜன். மயக்கத்தில் மூச்சுவிடத் தொண்டை வழியாகச் செலுத்தும் குழாயை உடம்பின் அளவைப் பார்த்து எடுத்தால் உள்ளே நுழையாமல் போகலாம் என்பதால் சிறியவற்றையும் கைக்கெட்டும் தூரத்தில் அடுக்குவார். துருத்திய கண்கள் உலராமல் களிம்பு போடுவார்.

மற்ற நாய்கள் எச்சில் விழுங்கத் தொடங்கியதும் குழாயை எடுத்துவிடலாம். இதற்கு அந்த அவசரம் ஆகாது. குப்புறப் படுக்கவைத்து, சுருட்டிய துண்டைத் தாடைக்கடியில் கொடுத்து, நாக்கை முன்னால் இழுத்துவிட்டுக் காத்திருப்பார். பக் கண் திறக்கும், தலையைத் தூக்கும், வாயில் குழாயோடு சாவகாசமாகச் சுற்றிப் பார்க்கும். பிறந்ததிலிருந்து இவ்வளவு தாராளமாகக் காற்று உள்ளே போனதில்லையே, அது ஏன் துப்பப் போகிறது! மென்று தள்ளும்போதுதான் எடுப்பார்கள். அப்போதும் வேறொரு குழாய், மயக்க மருந்து, கழுத்தில் துளையிடும் கருவிகள் எல்லாம் தயாராக இருக்கும்.

எதுக்களித்தது நுரையீரலுக்குள் போவதும் தொண்டை வீங்குவதும் அதற்குப் பிறகும் நடக்கலாம். வீங்கினால் நெபுலைசரில் அட்ரினலின் கொடுப்பார்கள். கண் திறந்துவிட்டது என்று அன்று மாலையே வீட்டுக்கு அனுப்புவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

உங்கள் பக்குக்கோ புல்டாக்குக்கோ ஆபரேஷன் என்றால், செலவு எவ்வளவு என்று விசாரிக்கும்போதே இதையும் கேட்டுவிடுங்கள்: “ராத்திரி அது பக்கத்தில் யார் முழித்திருப்பார்கள்?”