கைப்பிடி அரிசி

பழைய திருநெல்வேலிச் சீமையின் சி.எஸ்.ஐ. சபைகளில், உலை வைக்கும் வேளைதோறும் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் எடுத்துவைத்து, அது சேர்ந்ததும் ஆலயத்தில் காணிக்கையாகப் படைக்கும் ஸ்திரீகளின் வழக்கம், நீண்ட பிரசங்கங்களைக் காட்டிலும் ஆழமாக விசுவாசத்தை விளக்குவதென்பது என் அபிப்பிராயம். அரிசி விற்ற பணம் சபை ஊழியத்துக்குப் போய்ச் சேரும். குறைந்த பிடியோ வீட்டாரின் வயிற்றில் தெரியும்.

கொடுத்துப் பழகிய இச்சீமையில்தான், அந்நிய தேசத்துப் பணத்தை எதிர்பாராமல் இந்தியரின் பொருளாலும் ஆட்களாலும் ஊழியம் நடைபெற வேண்டுமென்று, வேதநாயகம் சாமுவேல் அசரியா முதலியோர் 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தை ஸ்தாபித்தார்கள். வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த அசரியா, தெலுங்கு கற்றுக்கொண்டு தோர்ணக்கல்லுக்குச் சென்று உழைத்து, 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய அத்தியட்சரானார்.

சபைகளில் ஜாதிபேதம் அடியோடு ஒழிந்ததென்று சொல்லத் துணியேன். ஆயினும், அறுப்பின் பண்டிகையில் காய்கறியும் கோழியும் ஏலம் போன பிறகு, ஆலய வளாகத்து அசனப் பந்தியில் நிலக்காரரும் கூலியாளும் அருகருகே அமர, சபை வாலிபர்கள் வாளியும் கரண்டியுமாய்ப் பரிமாறுகிறார்கள்.