ரிப்போர்ட் நன்றாக இருக்கிறது, உடம்பு ஏன் ஓய்ந்து கிடக்கிறது?

நாள்பட்ட மைலாய்டு லுக்கேமியா என்ற ரத்தப் புற்றுநோய்க்கு இமாடினிப் மாத்திரை 2001-ல் வந்தது. அதுவரை சில ஆண்டுகளில் ஆளையே கொண்டுபோன நோய், தினம் மாத்திரை போட்டுக்கொண்டு வாழக்கூடியதாக மாறியது. அந்த மாத்திரை ஏழைக்கும் எட்டியதில் சென்னைக்குப் பங்குண்டு. அதைக் கொண்டுவந்த நோவார்டிஸ் நிறுவனம் கேட்ட காப்புரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006-ல் மறுத்தது. உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1 அன்று அந்த மறுப்பை உறுதிசெய்தது. அந்த நிறுவனம் மாதத்துக்கு ஒரு லட்ச ரூபாய்க்கு மேல் விலை வைத்திருந்த மருந்தை, உள்நாட்டு நிறுவனங்கள் பத்தாயிரம் ரூபாய் அளவில் தொடர்ந்து விற்க முடிந்தது.

மருந்து கிடைத்துவிட்டது. ஆனால் அதைப் பல ஆண்டுகளாக விழுங்குபவரின் அசதியை யாரும் காது கொடுத்துக் கேட்பதில்லை. திருத்தணி பக்கம் விசைத்தறியில் நாள் முழுக்க நிற்பவர்கள் இருக்கிறார்கள்; கோடையில் மாநிலத்திலேயே அதிக வெயில் பதிவாகும் ஊர்களில் இதுவும் ஒன்று. இங்கே ஒரு மருமகள் மதியம் படுத்தால் "சோம்பேறி" என்ற பேர்தான் கிடைக்கும். இமாடினிப் எடுப்பவர்களின் வாழ்க்கையை மிகவும் கட்டிப்போடுவது நீடித்த அசதிதான் என்று 2013-ல் வெளியான இத்தாலிய ஆய்வு சொன்னது. தூங்கி எழுந்தாலும் தீராத இந்த அசதி சோம்பேறித்தனம் அல்ல. வீட்டில் உள்ளவர்கள் முதலில் இதை நம்ப வேண்டும்.

பயப்பட வேண்டியது அசதியைவிட, அசதி தாங்காமல் யாருக்கும் சொல்லாமல் மாத்திரையை விடுவதற்குத்தான். லண்டனில் 2010-ல் வெளியான ஆய்வு ஒன்றில், மாத்திரையில் பத்துக்கு ஒன்றுக்குமேல் விட்டவர்களுக்கு நோய் ஆழமாகக் கட்டுப்படுவது வெகுவாகக் குறைந்திருந்தது. மாதத்துக்கு மூன்று மாத்திரைதான் அந்தக் கணக்கு. முருகன் ஊரான திருத்தணியில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இமாடினிப்பைச் சாப்பாட்டோடு, நிறையத் தண்ணீர் குடித்து விழுங்க வேண்டும். கிருத்திகைக்கும் சஷ்டிக்கும் பட்டினி விரதம் இருந்து மாத்திரையையும் தள்ளிப்போட்டால், மாதத்தில் அந்த மூன்று நாள் எளிதாகக் கழிந்துவிடும். விரதம் இருப்பவர் இரவு பலகாரத்தோடு போட்டுக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்கலாம். வேண்டுதலுக்காகக் கோயில் மலையின் 365 படியையும் ஏறித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. மலைக்குச் சாலை இருக்கிறது.

மருத்துவரிடம் "கொஞ்சம் டயர்டா இருக்கு" என்று சொன்னால் போதாது. "முன்பு குடம் தூக்கினேன், இப்போது பாதி வழியில் உட்காருகிறேன்" என்று சொல்லுங்கள். ரத்தசோகை, தைராய்டு குறைவு, உடம்பில் நீர் கோத்தல், தூக்கக் கேடு, மனச்சோர்வு இவற்றையெல்லாம் கண்டுபிடித்துச் சரிசெய்ய முடியும். ஹீமோகுளோபின், தைராய்டு சோதனைகளைக் கேட்டுப் பெறுங்கள். நோய் நன்றாகக் கட்டுப்பட்டிருந்தால் அளவைக் குறைக்கவோ மருந்தை மாற்றவோ மருத்துவர் யோசிப்பார். அந்த முடிவு அவருடையது. நாட்டு மருந்து எடுத்தால் மறைக்காதீர்கள். வெயில் தாழ்ந்தபின் தினமும் சிறிது நேரம் நடப்பது, படுத்தே கிடப்பதைவிட அசதியைக் குறைக்கும். காய்ச்சல், மூச்சுத்திணறல், ரத்தக்கசிவு, திடீரென எடை கூடுவது ஆகியவை வெறும் அசதியல்ல. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஆலை வேலைக்குப் போய் இ.எஸ்.ஐ. பிடித்தம் கட்டுபவர்களுக்கு ஒரு பெரிய பாதுகாப்பு இருக்கிறது. புற்றுநோய் உட்பட நீண்டகால நோய்களுக்கு இரண்டு ஆண்டு வரை ஊதியத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். அதற்கு இரண்டு ஆண்டுப் பணியும், குறைந்தது 156 நாள் சந்தாவும் இருக்க வேண்டும். வேலையை விட்டு நிற்பதற்கு முன்பே இதைக் கேளுங்கள்.

தறிக்காரர்களில் பெரும்பாலோருக்கு அது இல்லை. அவர்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடுதான் வழி. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் சேரலாம். 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு. இங்கே எல்லை ஒரு சிக்கலை வைத்திருக்கிறது. திருத்தணி 1960 வரை ஆந்திரத்தோடு இருந்த ஊர். எல்லைக்கு அப்பால் உள்ள நகரி, புத்தூரோடு பெண் கொடுத்து எடுப்பது இன்னும் தொடர்கிறது. அங்கிருந்து வந்த மருமகளின் பெயர் பிறந்த வீட்டு ரேஷன் கார்டிலேயே இருந்தால், இங்கே காப்பீட்டு அட்டையில் அவர் இருக்கமாட்டார். அங்கே பெயரை நீக்கி, இங்கே சேர்க்கும் வேலையை உடம்பு தெம்பாக இருக்கும்போதே முடித்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் 1800 425 3993 கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம்.

சிகிச்சைக்கு விரைவு ரயிலில் சென்னை போகும் புற்றுநோயாளிக்கும் உடன் செல்பவர் ஒருவருக்கும் இரண்டாம் வகுப்பில் 75 விழுக்காடு சலுகை உண்டு. ரயில்வே படிவத்தில் மருத்துவமனையின் கையொப்பமும் முத்திரையும் வேண்டும். அடுத்த பரிசோதனைக்குப் போகும்போதே வாங்கி வாருங்கள்.