கடனோடு ஒட்டி வரும் இன்சூரன்சு!
கேட்காமல் பிடித்த பணத்தைத் திரும்ப வாங்குவது எப்படி?

கேட்ட கடன் ரூ.3 லட்சம்.

கையெழுத்துப் போட்டதும் ரூ.3 லட்சத்துக்குத்தான்.

ஆனால் கைக்கு வந்தது ரூ.2 லட்சத்து 85 ஆயிரம்!

மீதி ரூ.15 ஆயிரம் எங்கே போயிற்று?

"பத்திரச் செலவு ரூ.3 ஆயிரம். இன்சூரன்சுக்கு ரூ.12 ஆயிரம்" என்று பதில் வரும்.

"இன்சூரன்சு வேண்டும் என்று யார் கேட்டது?" என்றால், "அது இல்லாமல் கடன் கிடையாது" என்பார்கள்.

இது உண்மையா? கடனுக்கு இன்சூரன்சு கட்டாயமா? பிடித்த பணத்தைத் திரும்ப வாங்க வழி இருக்கிறதா?

கடன் வாங்கும் ஒவ்வொரு குடும்பமும் தெரிந்து கொள்ள வேண்டிய விஷயம் இது. காரைக்கால் பகுதியில் சம்பா சாகுபடிக்குக் கடன் வாங்கும் விவசாயி, வலையும் எந்திரமும் வாங்கக் கடன் வாங்கும் மீனவர், குழுவாகச் சேர்ந்து கடன் வாங்கும் பெண்கள், எல்லோருக்கும் இது பொருந்தும்.

நல்லதும் கெட்டதும்

இன்சூரன்சு கெட்டது அல்ல.

கடன் வாங்கியவர் திடீர் என்று இறந்து விட்டால், இன்சூரன்சு கம்பெனி பாக்கிக் கடனைக் கட்டி விடும். மனைவி, மக்கள் தலையில் கடன் விழாது. தெரிந்து, விரும்பி, நியாயமான விலைக்கு வாங்கினால் அது குடும்பத்துக்குக் காவல்.

தெரியாமல் தலையில் கட்டினால்தான் தொல்லை.

எல்லா இன்சூரன்சையும் ஒன்றாக எண்ணி விடக் கூடாது. மோட்டார் சைக்கிள், ஆட்டோ, லாரி ஆகியவற்றுக்கு மூன்றாம் நபர் இன்சூரன்சு சட்டப்படி கட்டாயம். வீட்டை அடமானம் வைத்தால், அந்தக் கட்டிடத்துக்குத் தீ இன்சூரன்சு எடுக்கும்படி கடன் கொடுத்தவர் கேட்கலாம். ஆனால் கடன் வாங்குகிற ஆளின் உயிருக்கு இன்சூரன்சு எடுத்தே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் கூறவில்லை.

ரூ.12 ஆயிரம் எப்படி ரூ.16,753 ஆகிறது?

கடனில் இருந்து பிடித்த அந்த ரூ.12 ஆயிரத்துக்கும் வட்டி உண்டு. ஏன் என்றால், அதுவும் கடனாகவே எழுதப்பட்டு இருக்கிறது.

வட்டி ஆண்டுக்கு 14 சதவீதம். 5 ஆண்டுத் தவணை. கணக்குப் போட்டால், அந்த ரூ.12 ஆயிரத்துக்காக மட்டும் மாதம் ரூ.279 கட்ட வேண்டும். 60 மாதத்தில் கட்டுவது ரூ.16,753.

அதாவது, கேட்காத பொருளுக்கு விலை ரூ.12 ஆயிரம். அதற்கு வட்டி ரூ.4,753!

இதோடு இன்னொன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். மத்திய அரசாங்கம் 2015-ம் ஆண்டு தொடங்கிய பிரதம மந்திரி ஜீவன் ஜோதி இன்சூரன்சில், 2022 ஜூன் மாதம் முதல் ஆண்டுப் பிரிமியம் ரூ.436. இறந்தால் குடும்பத்துக்குக் கிடைப்பது ரூ.2 லட்சம். 18 வயது முதல் 50 வயது வரை உள்ளவர்கள் பாங்கிக் கணக்கு மூலம் சேரலாம்.

விலையை ஒப்பிட்டுப் பார்க்க நேரம் கொடுக்காமல் கையெழுத்து வாங்குவது ஏன்?

கமிஷன்தான் காரணம். பாலிசி விற்றுக் கொடுக்கும் பாங்கிக்கு, இன்சூரன்சு கம்பெனி கமிஷன் கொடுக்கிறது.

இங்கிலாந்து பாங்கிகள் பட்ட பாடு

இந்த வியாபாரத்தால் பெரிய பாங்கிகளே தலை குனிந்த கதை இங்கிலாந்தில் நடந்தது.

அங்கே கடன் வாங்கியவர்களுக்கு "தவணைப் பாதுகாப்பு இன்சூரன்சு" என்ற பாலிசியை விற்றார்கள். நோய் வந்தாலும், வேலை போனாலும் தவணையை இன்சூரன்சு கம்பெனி கட்டும் என்றார்கள். சுமார் 6 கோடியே 40 லட்சம் பாலிசிகள் விற்பனை ஆயின.

அதில் மோசடி என்ன? சொந்தத் தொழில் செய்கிறவருக்கு, வேலை போனால் பணம் தரும் பாலிசியை விற்றார்கள். அவர் ஒரு நாளும் அதில் பணம் கேட்க முடியாது! பலருக்குப் பாலிசி இருப்பதே தெரியாது.

2005-ம் ஆண்டு, மக்களுக்கு இலவசமாக யோசனை கூறும் ஒரு சங்கம் அரசாங்கத்திடம் பெரும் புகார் கொடுத்தது. விசாரணை நடந்தது. பழைய புகார்களை எல்லாம் நியாயமாகத் தீர்க்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. பாங்கிகள் கோர்ட்டுக்குப் போயின. 2011 ஏப்ரலில் லண்டன் ஐகோர்ட்டு, பாங்கிகளின் வழக்கைத் தள்ளி விட்டது. அடுத்த மாதமே பாங்கிகள் பணிந்தன.

2014-ம் ஆண்டு இங்கிலாந்து சுப்ரீம் கோர்ட்டில் இன்னொரு தீர்ப்பு. வழக்குப் போட்டவர் கணவரை இழந்த ஒரு பெண்மணி. அவர் கட்டிய பிரிமியத்தில் 100-க்கு சுமார் 72 பங்கு கமிஷனாகவே போய் இருந்தது! அதை அவரிடம் சொல்லவே இல்லை. "இவ்வளவு பெரிய கமிஷனை மறைத்தது அநியாயம்" என்று கோர்ட்டு கூறியது.

புகார் கொடுக்க 2019 ஆகஸ்டு 29-ந் தேதி கடைசி நாள். பாங்கிகள் திருப்பிக் கொடுத்த மொத்தப் பணம் 3,800 கோடி பவுண்டுக்கும் மேல்!

ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கடிதம் எழுதிக் கேட்டார்கள். அதனால்தான் அவ்வளவு பணம் திரும்பி வந்தது.

நம் நாட்டில் விதி என்ன?

இங்கிலாந்து போல எல்லோருக்கும் சேர்த்து ஒரே உத்தரவில் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது இல்லை. ஆனால் தனி மனிதர் கேட்டு வாங்க விதிகள் இருக்கின்றன.

ரிசர்வு பாங்கி 2016-ம் ஆண்டு வெளியிட்ட உத்தரவில், பாங்கி வாடிக்கையாளர் இன்சூரன்சில் சேருவது முழுக்க முழுக்க அவருடைய விருப்பம் என்று கூறி இருக்கிறது. பாங்கியின் சேவைக்கும் இன்சூரன்சுக்கும் நேராகவோ மறைமுகமாகவோ முடிச்சுப் போடக் கூடாது.

குழுக் கடன் வாங்கும் பெண்களுக்கு 2022-ம் ஆண்டு தனி விதி வந்தது. ஆண்டு வருமானம் ரூ.3 லட்சம் வரை உள்ள குடும்பங்களுக்கு ஈடு இல்லாமல் கொடுக்கும் சிறு கடன் பற்றிய விதி அது. கடன் அட்டையில் எழுதுவது எல்லாம் கடன் வாங்குகிறவருக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். இன்சூரன்சு போன்றவற்றை முழுச் சம்மதத்துடன்தான் விற்க வேண்டும். அதற்கு வாங்கும் பணத்தை அட்டையிலேயே எழுத வேண்டும்.

2024 அக்டோபர் 1-ந் தேதி முதல் இன்னொரு பாதுகாப்பும் வந்தது. தனி நபர்களுக்கும் சிறு தொழில்களுக்கும் புதிதாகத் தவணைக் கடன் கொடுக்கும்போது, "முக்கிய விவரத் தாள்" ஒன்று கொடுக்க வேண்டும். வட்டி, கட்டணம், இன்சூரன்சுப் பணம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். இன்சூரன்சுப் பணத்தையும் சேர்த்துத்தான் கடனின் உண்மையான ஆண்டுச் செலவைக் காட்ட வேண்டும். அந்தத் தாளில் இல்லாத கட்டணத்தை, கடன் வாங்கியவரின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் வாங்கக் கூடாது. ஒரு வாரத்துக்கு மேற்பட்ட கடன் என்றால், தாளைப் படித்து யோசிக்கக் குறைந்தது 3 வேலை நாள் அவகாசம் உண்டு.

2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் துணைக்கு வருகிறது. ஒன்றை வாங்க வேண்டுமானால் இன்னொன்றையும் வாங்கியே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்துவது தவறான வியாபார முறை என்று அந்தச் சட்டம் கூறுகிறது.

விவசாயிகளுக்கு ஒரு வார்த்தை

பயிர்க் கடன் வாங்கும் விவசாயிகளுக்குப் பயிர் இன்சூரன்சு முன்பு கட்டாயமாக இருந்தது. 2020 பிப்ரவரியில் மத்திய மந்திரிசபை அதை மாற்றியது. அந்த ஆண்டு காரிப் பருவம் முதல் அது விவசாயியின் விருப்பம் ஆயிற்று.

வேண்டாம் என்றால், கடைசித் தேதிக்கு 7 நாள் முன்பே பாங்கியில் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுக்காவிட்டால் பிரிமியம் பிடித்து விடுவார்கள்.

ஆனால் அவசரப்பட்டு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து விடக் கூடாது. காரைக்கால் காவிரியின் கடைமடை. புயலும் மழையும் வயலை மூழ்கடிப்பது இங்கே புதிது அல்ல. லாப நஷ்டம் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

30 நாளில் திருப்பிக் கொடுக்கலாம்!

ஆயுள் இன்சூரன்சுப் பாலிசி கைக்கு வந்த நாளில் இருந்து 30 நாள் வரை, "இது எனக்கு வேண்டாம்" என்று திருப்பிக் கொடுக்கலாம். ஓர் ஆண்டும் அதற்கு மேலும் உள்ள மருத்துவப் பாலிசிக்கும் இது பொருந்தும். முன்பு பெரும்பாலும் 15 நாள்தான் இருந்தது. 2024-ம் ஆண்டு அதை 30 நாள் ஆக்கினார்கள்.

முத்திரைச் செலவு, மருத்துவப் பரிசோதனைச் செலவு, பாலிசி நடப்பில் இருந்த நாட்களுக்கு உரிய பிரிமியம் ஆகியவற்றைக் கழித்துக் கொண்டு மீதியைத் திருப்பித் தருவார்கள்.

ஆகையால் பாலிசி வந்த கவரைப் பிரிக்காமல் பீரோவில் வைக்கக் கூடாது. போனுக்கு வரும் பாலிசியையும் திறந்து பார்க்க வேண்டும். வந்த தேதியைக் குறித்துக் கொள்ள வேண்டும்.

30 நாள் கடந்து விட்டால்?

வழி அடைபட்டு விடவில்லை.

முதலில், கடன் கணக்கு விவரத்தையும் கையெழுத்துப் போட்ட இன்சூரன்சு விண்ணப்பத்தின் நகலையும் கேட்டு வாங்க வேண்டும்.

கணக்குக் கேட்கக் கூச்சம் எதற்கு? காரைக்கால் அம்மையாரின் கணவர் பரமதத்தன் பெரிய வணிகர். வீட்டுக்குக் கொடுத்து அனுப்பிய மாங்கனி இரண்டே இரண்டு. அந்த இரண்டாவது கனியையும் அவர் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்! ரூ.3 லட்சம் கடன் வாங்கியவர் ரூ.12 ஆயிரத்துக்குக் கணக்குக் கேட்பதில் தவறே இல்லை.

அடுத்து, கடன் கொடுத்த பாங்கிக்கும் இன்சூரன்சு கம்பெனிக்கும் புகார் எழுத வேண்டும். கடன் எண், பாலிசி எண், பிடித்த தொகை, தேதி, என்ன சொல்லி விற்றார்கள் என்ற விவரம், எவ்வளவு திரும்ப வேண்டும் என்ற கோரிக்கை ஆகியவை இருந்தால் போதும். ஒரு நகலில் முத்திரை போட்டு வாங்கிக் கொள்ள வேண்டும். வாய்ப் பேச்சு எடுபடாது.

ஒரு மாதம் பொறுக்க வேண்டும். பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலும், மேலே போகலாம்.

பாங்கி மீதோ, பெரிய நிதிக் கம்பெனி மீதோ குறை என்றால் ரிசர்வு பாங்கியின் குறை தீர்ப்பாளரிடம் முறையிடலாம். இதற்கான ஒருங்கிணைந்த திட்டம் 2021 நவம்பர் 12-ந் தேதி தொடங்கியது. சண்டிகாரில் உள்ள ரிசர்வு பாங்கி மையத்துக்குத் தமிழிலேயே தபாலில் எழுதலாம். 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம்.

இன்சூரன்சு கம்பெனி மீது குறை என்றால் 155255 என்ற எண்ணில் புகார் கூறலாம். அதிலும் தீராவிட்டால் இன்சூரன்சு குறை தீர்ப்பாளர் இருக்கிறார்.

இங்கே ஒரு விசேஷம். காரைக்கால், புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்தது. ஆனாலும் புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் குறை தீர்ப்பாளர் சென்னையில் இருக்கிறார். மாகிக்காரர் கொச்சிக்குப் போக வேண்டும். ஏனாம்காரர் ஐதராபாத்துக்கு எழுத வேண்டும். ஒரே பிரதேசம், மூன்று வாசல்!

கம்பெனி மறுத்த நாளில் இருந்து ஓர் ஆண்டுக்குள் இவரிடம் புகார் கொடுக்க வேண்டும். கட்டணம் கிடையாது. வக்கீலும் தேவை இல்லை. விசாரணையை வீடியோ மூலமும் நடத்தலாம். 2023-ம் ஆண்டு முதல் ரூ.50 லட்சம் வரை தீர்ப்பு வழங்க அவருக்கு அதிகாரம் உண்டு. தீர்ப்பு வந்தால் 30 நாளில் கம்பெனி அதை நிறைவேற்ற வேண்டும்.

நுகர்வோர் கோர்ட்டுக்கும் போகலாம். ஆனால் ஒரே புகாருக்கு ஒரே நேரத்தில் கோர்ட்டிலும் குறை தீர்ப்பாளரிடமும் நிற்க முடியாது.

இறந்தவர் பெயரில் கடனா?

எல்லாவற்றையும் விட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு.

கடன் வாங்கிய கணவர் இறந்து விடுகிறார். மனைவி நகையை விற்றுத் தவணை கட்டுகிறார். ஆனால் அந்தக் கடனுக்கு இன்சூரன்சு இருக்கிறது! பிரிமியத்தை அன்றே பிடித்து விட்டார்கள். பாலிசித் தாள் வீட்டுக்கு வராததால் மனைவிக்குத் தெரியவில்லை.

கேட்காமல் எடுத்த இன்சூரன்சாக இருந்தாலும், பிரிமியம் கட்டியது கட்டியதுதான். அதன் பலன் குடும்பத்துக்குச் சேர வேண்டும்.

ஆகையால், கடன் வாங்கியவர் இறந்தால் முதல் வேலையாக, "இந்தக் கடனுக்கு இன்சூரன்சு இருக்கிறதா?" என்று எழுதிக் கேட்க வேண்டும். கடன் கணக்கில் பிரிமியம் பிடித்த வரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால், மரணச் சான்றிதழுடன் உடனே விண்ணப்பிக்க வேண்டும். கடன் பாக்கி போக மிச்சப் பணம் இருந்தால், அது வாரிசுதாரராகக் குறிப்பிட்டவருக்கு உரியது.

கடனை முன்கூட்டியே அடைத்தவர்களும், மீதிக் காலத்துக்கு உரிய பிரிமியம் திரும்பக் கிடைக்குமா என்று கேட்க வேண்டும். பல பாலிசிகளில் அதற்கு இடம் உண்டு.

உஷார்!

"உங்கள் பாலிசிப் பணத்தை நாங்கள் வாங்கித் தருகிறோம். முதலில் கொஞ்சம் பணம் அனுப்புங்கள்" என்று போன் வந்தால், அது மோசடி. இன்சூரன்சு ஒழுங்குமுறை ஆணையத்தில் இருந்து பேசுவதாகக் கூட ஏமாற்றுவார்கள். ஆணையம் பாலிசி விற்பதும் இல்லை, போனஸ் கொடுப்பதும் இல்லை.

இங்கிலாந்திலும் இடைத்தரகர்கள் புகுந்தார்கள். கிடைத்த பணத்தில் பெரும் பங்கைப் பிடுங்கினார்கள். 2018-ம் ஆண்டு சட்டம் போட்டு, 100-க்கு 20-க்கு மேல் வாங்கக் கூடாது என்று கட்டுப்படுத்த வேண்டி வந்தது.

புகார் எழுத ஒரு தாளும் தபால் தலையும் போதும். எழுதத் தெரியாதவர்களுக்குப் பள்ளிக்கூடத்தில் படிக்கும் மகனோ மகளோ எழுதிக் கொடுக்கலாம்.

வீட்டில் கடன் புத்தகம் இருந்தால், இன்றே எடுத்துப் பார்க்க வேண்டும். "இன்சூரன்சு" என்ற வரி அதில் இருக்கிறதா? இருந்தால், அதற்குப் பாலிசி எங்கே என்று நாளைக்கே கேட்க வேண்டும்.