டிராக்டரில் ஒரு தீயணைப்பான் இருக்கட்டும்

சம்பா அறுவடை தொடங்கிவிட்டால் காவிரி டெல்டா மாவட்டங்களில் வயலுக்கு வயல் அறுவடை இயந்திரங்கள் இறங்கிவிடுகின்றன. அறுத்த கையோடு வைக்கோலைக் கட்டுகளாகக் கட்டி, டிராக்டர் டிரெய்லரிலும் லாரியிலும் ஏற்றி அனுப்பும் வேலையும் நடக்கிறது. தை, மாசி வெயிலில் தாள் சருகாகக் காய்ந்திருக்கும். எஞ்சினோ காலை முதல் இருட்டும் வரை ஓய்வின்றி ஓடும். காய்ந்த தாளும் சூடான இரும்பும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இந்த நாட்களில் தீ விபத்துக்கு வாய்ப்பு மிக அதிகம்.

பெரும்பாலும் அது சிறிதாகத்தான் தொடங்குகிறது. எஞ்சின் பக்கம் லேசாகப் புகை தெரியும். தூசு என்று எண்ணி ஓட்டுநர் மேலும் ஒரு சுற்று ஓட்டுவார். இறங்கிப் பார்க்கும்போது கையளவு தீ இருக்கும். ஒருவர் மண்ணை அள்ளிப் போடுவார், இன்னொருவர் துண்டால் அடிப்பார், மூன்றாமவர் குடத்தை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்கு ஓடுவார். அவர் திரும்புவதற்குள் தீ டீசல் குழாயைப் பிடித்துவிடும். தகவல் கொடுத்துத் தீயணைப்பு வண்டி சாலை வரை வந்தாலும், வரப்பைத் தாண்டி வயலுக்குள் வர வழி இருக்காது.

தீ கையளவாக இருக்கும் அந்த முதல் நிமிடத்தில் பக்கத்தில் ஒரு தீயணைப்பான் இருந்தால் போதும். பல லட்ச ரூபாய் இயந்திரமும், அறுக்கக் காத்திருக்கும் அடுத்த வயலும் தப்பிவிடும். கருவியின் விலையோ ஒன்றிரண்டு உர மூட்டைகளின் விலைதான்.

வைக்கோல் மட்டும் எரிந்தாலும் இழப்பு சிறியதல்ல. ஓர் ஏக்கர் நெல் வயலில் ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு டன் வைக்கோல் கிடைக்கும். ஒரு மாட்டுக்கு நாளொன்றுக்கு 6 கிலோ என்று கணக்கிட்டால், அது ஒரு மாட்டின் எட்டு முதல் பதினொரு மாதத் தீவனம். ஒரு பொறியில் போவது இதுதான்.

தீ எங்கிருந்து வருகிறது?

சுமை இழுக்கும் டீசல் எஞ்சினில் புகைக்குழாய் கிளம்பும் இடம் 400 டிகிரி செல்சியசுக்கு மேலும் சூடாகக்கூடும். அதன்மேல் படியும் பதரும் வைக்கோல் தூசும் அதற்கு வெகு குறைந்த வெப்பத்திலேயே கனியத் தொடங்கிவிடும். எஞ்சின் ஓடும்போது விசிறிக் காற்றில் தெரியாமல் கனிந்த தூசு, வண்டியை நிறுத்திச் சாப்பிடப் போன நேரத்தில் பற்றிக்கொள்வதும் உண்டு. எனவே வண்டியை நிறுத்தியவுடன் விட்டுச் செல்லாமல், சிறிது நேரம் சுற்றிப் பார்த்துவிட்டுப் போவது நல்லது. சூடான எஞ்சினோடு வண்டியை வைக்கோல் போர் அருகிலோ, காய்ந்த தாள் மேலோ நிறுத்தக்கூடாது.

அடுத்த காரணம் கசிவு. டீசல் குழாயும் ஹைட்ராலிக் குழாயும் உரசித் தேய்ந்து, எண்ணெய் சூடான இடத்தில் சொட்டினால் தீ பிடிக்கும். மூன்றாவது மின் ஒயர். கூடுதல் விளக்கு, ஹாரன், பாட்டுப்பெட்டி ஆகியவற்றுக்கு ஒட்டுப்போட்ட ஒயர்களும், பியூஸ் போன இடத்தில் சுற்றிவைத்த கம்பியும் ஆபத்தானவை. சரியான பியூஸ் எரிந்து வண்டியைக் காப்பாற்றும். அதற்குப் பதில் போட்ட கம்பி எரியாது, ஒயர்தான் எரியும்.

அறுவடை இயந்திரத்திலும் வைக்கோல் கட்டும் பேலரிலும் கிரீஸ் இல்லாத பேரிங், வழுக்கி ஓடும் பெல்ட், சுழலும் தண்டில் சுற்றிக்கொண்ட தாள் ஆகியவை உராய்ந்து சூடாகித் தீயை உண்டாக்கும். வைக்கோல் பாரத்தின் மேல் உட்கார்ந்து பீடி குடிப்பது எவ்வளவு ஆபத்து என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

தாழ்ந்த மின்கம்பி

வைக்கோல் வண்டிகள் எரிவதற்குத் தாழ்வாகத் தொங்கும் மின்கம்பியும் முக்கியக் காரணமாகும். சாலையை விட்டு விலகிய வயல்வெளியில், 11,000 வோல்ட் வரையுள்ள உறையில்லாத கம்பி தரையிலிருந்து குறைந்தது 4.6 மீட்டர், அதாவது சுமார் 15 அடி உயரத்தில் இருக்க வேண்டும் என்பது மின் பாதுகாப்பு விதி. டிரெய்லரின் தளம் தரையிலிருந்து 4 அடி என்றும், அதன்மேல் 8 அடிக்கு வைக்கோல் ஏற்றியிருப்பதாகவும் கொண்டால் மொத்தம் 12 அடி ஆகிறது. பாரத்தின் மேல் ஓர் ஆள் உட்கார்ந்தால் அவர் தலை கம்பிக்கு அருகில் வந்துவிடும். விதிப்படி உள்ள கம்பிக்கே இந்தக் கணக்கு. வெயிலில் தொய்ந்த கம்பியாக இருந்தால் பாரமே உரசிவிடும்.

ஆகவே, பாரம் ஏற்றும் முன்பே போகும் வழியை ஒருமுறை நடந்து பார்த்துவிட வேண்டும். தொய்ந்த கம்பி இருந்தால் மின் வாரிய அலுவலகத்தில் எழுத்து மூலம் தெரிவித்து, இழுத்துக் கட்டும் வரை வேறு வழியில் போவதே சரி. கம்பைக் கொண்டு மின்கம்பியைத் தூக்கிப் பிடித்து வண்டியை விடும் பழக்கத்தை அடியோடு விட்டுவிட வேண்டும்.

எந்தத் தீயணைப்பான் வாங்குவது?

எரியும் பொருளைக் கொண்டு தீயை வகைப்படுத்துகிறார்கள். வைக்கோல், மரம், துணி போன்ற திடப்பொருள்களில் பிடிப்பது 'ஏ' வகை. டீசல், பெட்ரோல், எண்ணெயில் பிடிப்பது 'பி' வகை. எரிவாயுவில் பிடிப்பது 'சி' வகை. டிராக்டரில் டீசலும் உண்டு, தாளும் உண்டு. எனவே மூன்றுக்கும் பயன்படும் 'ஏ.பி.சி.' உலர்பொடித் தீயணைப்பானே ஏற்றது.

இந்தப் பொடியின் முக்கியப் பொருள் மோனோ அமோனியம் பாஸ்பேட். உழவர்களுக்குப் பழக்கமான டி.ஏ.பி. உரத்துக்கு இது நெருங்கிய உறவு. தீயின் மேல் படும்போது உருகி எரியும் பரப்பின்மேல் படிந்து காற்றைத் தடுத்துவிடுகிறது. அதற்காக உர மூட்டையைப் பிரித்துத் தீயில் கொட்டினால் பயன் இல்லை. மாவு போல் நுண்ணியதாக அரைத்து, ஈரம் படாமல் பக்குவப்படுத்தி, நைட்ரஜன் வாயு அழுத்தத்தில் அடைத்திருப்பதால்தான் அது வேலை செய்கிறது. 'பி.சி.' என்று மட்டும் குறித்த கருவிகளும் உண்டு. அவற்றில் இருப்பது பெரும்பாலும் ஆப்ப சோடா வகைப் பொடி. டீசல் தீயை அது அணைக்கும், வைக்கோல் தீக்கு உதவாது. ஆகையால் உருளையின் மேல் 'ஏ' என்ற எழுத்து இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது அவசியம். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்க வேண்டும்.

டிராக்டருக்கு 2 கிலோ கருவியாவது வேண்டும். வைக்கோல் பாரம் ஏற்றும் வண்டிக்கும் அறுவடை இயந்திரத்துக்கும் 4 அல்லது 6 கிலோ நல்லது. காருக்கென்று விற்கும் சின்னஞ்சிறு குப்பிகளை நம்ப முடியாது. பெரிய அறுவடை இயந்திரங்கள் மிகுந்த அமெரிக்காவில், ஓட்டுநர் அறையில் ஓர் ஏ.பி.சி. கருவியும், தரையில் நிற்பவருக்கு எட்டும்படி ஒரு தண்ணீர்த் தீயணைப்பானும் ஆக இரண்டு வைத்துக்கொள்ளும்படி வேளாண் விரிவாக்கப் பணியாளர்கள் உழவர்களுக்குச் சொல்லிவருகிறார்கள்.

எங்கே பொருத்துவது?

கருவிப் பெட்டிக்குள் கயிறு, ஸ்பேனர்களுக்கு அடியில் கிடக்கும் தீயணைப்பான் இல்லாததற்குச் சமம். ஓட்டுநர் கைக்கு எட்டும்படி மட்கார்டின் பக்கத்தில், தரையில் நிற்பவரும் எடுக்கக்கூடிய உயரத்தில், இரும்புப் பிடியில் பொருத்த வேண்டும். எஞ்சின், புகைக்குழாய், டீசல் டாங்க் ஆகியவற்றுக்கு அருகில் கூடாது. தீ அங்கே பிடித்தால் கையை நீட்டி எடுக்க முடியாது. இடித்தால் கழலாதபடியும், அவசரத்தில் ஒரே இழுப்பில் வரும்படியும் பிடி இருக்க வேண்டும். வண்டியை ஓட்டும் ஒவ்வொருவருக்கும், கூடச் செல்லும் ஆளுக்கும் அது இருக்கும் இடத்தையும் பயன்படுத்தும் முறையையும் காட்டிவைக்க வேண்டும்.

தீ பிடித்தால் செய்ய வேண்டியவை

வண்டியை உடனே காய்ந்த பயிரையும் வைக்கோலையும் விட்டு விலக்கி நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஆட்களை இறக்கிவிட வேண்டும். ஒருவர் 101 அல்லது 112 எண்ணுக்குத் தகவல் சொல்லட்டும். ஊரின் பெயரோடு, வண்டி வருவதற்கான பாதையையும் சொல்வது நேரத்தை மிச்சப்படுத்தும்.

பிறகு தீயணைப்பானின் ஊசியைப் பிடுங்கி, காற்று முதுகில் அடிக்கும் பக்கமாக, சுமார் 2 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். குழல் வாயைத் தீயின் அடிப்பகுதிக்கு நேராகப் பிடித்து, கைப்பிடியை அழுத்தி இடமும் வலமுமாக வீச வேண்டும். மேலெழும் சுடரில் அடித்தால் பொடிதான் வீணாகும். எஞ்சினில் தீ என்றால் மூடியை முழுவதும் திறக்காமல் சிறிது மட்டும் தூக்கி, அந்த இடுக்கு வழியாக அடிக்க வேண்டும். முழுவதும் திறந்தால் காற்றுப் புகுந்து தீ கொழுந்துவிடும்.

சிறிய கருவியில் உள்ள பொடி ஏறத்தாழ பத்து வினாடிக்குள் தீர்ந்துவிடும் என்பதை மறக்கக்கூடாது. தீர்ந்த பிறகும் தீ அடங்கவில்லை என்றால் அங்கே நிற்காமல் விலகிவிடுவதே அறிவுடைமை. டயரும் டீசல் டாங்கும் பற்றிய பிறகு தனி ஆள் செய்யக்கூடியது எதுவும் இல்லை. இயந்திரத்தை மறுபடி வாங்கலாம். உடையில் தீப்பிடித்தவர் ஓடக்கூடாது. தரையில் படுத்து உருள வேண்டும்.

மின்கம்பி வண்டியில் பட்டிருந்தால் முறையே வேறு. தரையில் நிற்பவர்கள் வண்டியைத் தொடவோ நெருங்கவோ கூடாது. மின்சாரம் நிறுத்தப்பட்டது உறுதியாகும் வரை ஒரு சொட்டுத் தண்ணீரும் ஊற்றக்கூடாது. தீ பிடிக்காத வரை ஓட்டுநர் இருக்கையிலேயே இருக்கலாம். தீ பிடித்துவிட்டால் வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல், இரு கால்களையும் சேர்த்துத் தாவிக் குதித்து, கால்களைச் சேர்த்தபடியே சிறு சிறு அடியாக நகர்ந்து விலக வேண்டும்.

வைக்கோல் பாரத்துக்குத் தண்ணீரும் வேண்டும்

வைக்கோல் தீயில் பொடி மேல்சுடரைத்தான் அடக்கும். கட்டுக்குள் கனியும் நெருப்பு அப்படியே இருக்கும். காற்றுப் பட்டதும் மறுபடி எரியும். எனவே சுடர் அடங்கியவுடன் கட்டுகளைக் கீழே தள்ளிப் பிரித்து, தண்ணீர் ஊற்றி நனைத்தால்தான் தீ உண்மையில் அணையும். வைக்கோல் ஏற்றும் வண்டியில் இரண்டு கேன் தண்ணீரும், ஒரு மண்வெட்டியும், ஒரு கவைக்கோலும், சில சாக்குகளும் வைத்திருப்பது நல்லது. ஆனால் டீசல் தீயில் தண்ணீர் ஊற்றக்கூடாது. எண்ணெய் மிதந்து பரவித் தீயையும் பரப்பிவிடும்.

பாரம் எரியத் தொடங்கியதைப் பார்த்துவிட்டு வண்டியை வேகமாக ஓட்டினால் காற்றில் தீ வளரும். குடிசைகளும் போர்களும் இல்லாத பக்கத்து வெட்டவெளியில் நிறுத்தி, நெருங்க முடிந்தால் மட்டும் இணைப்பு ஊசியைக் கழற்றி, டிராக்டரை டிரெய்லரிலிருந்து பிரித்துவிட வேண்டும்.

மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும்

வாங்கிப் பொருத்திவிட்டு மறந்துபோன கருவி வேளைக்கு உதவாது. டிராக்டரின் அதிர்வில் உள்ளிருக்கும் பொடி அடியில் இறுகிவிடும். மாதம் ஒருமுறை கருவியைக் கழற்றித் தலைகீழாகக் கவிழ்த்து, நன்றாக அசைத்துப் பொடியை இளக்கிவிட வேண்டும். அழுத்தமானியின் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா, ஊசியும் முத்திரையும் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். குழல் வாயில் குளவி கூடு கட்டி அடைத்துக்கொள்வதும் உண்டு. ஒரு முறை சிறிதளவு அழுத்தினாலும் வால்வில் பொடி சிக்கி அழுத்தம் மெல்லக் கசிந்துவிடும். எனவே பயன்படுத்திய கருவியைத் திரும்ப நிரப்பாமல் மாட்டக்கூடாது. ஆண்டுக்கு ஒருமுறை, அறுவடைக்கு முன் மார்கழியில், நிரப்பும் கடையில் காட்டிச் சோதித்து வாங்குவது நல்லது. தீ அணைந்தபின் எஞ்சினில் படிந்த பொடியையும் அன்றே உலர்ந்த தூரிகையால் தட்டிவிட வேண்டும். ஈரம் பட்டால் அது இரும்பையும் ஒயரையும் அரிக்கும்.

வாடகை இயந்திரம் வரும்போது

சிறு உழவர்கள் பெரும்பாலும் அறுவடை இயந்திரத்தை வாடகைக்கே எடுக்கிறார்கள். இயந்திரம் பிறருடையதானாலும் எரியப்போவது தம் பயிர். எனவே மணிக்கு என்ன வாடகை என்று கேட்கும்போதே வேறு மூன்று கேள்விகளையும் கேட்டுவிட வேண்டும். தீயணைப்பான் இருக்கிறதா? அதன் முள் பச்சையில் நிற்கிறதா? இன்று காலை எஞ்சின்மேல் படிந்த பதரைத் தட்டிச் சுத்தம் செய்தாயிற்றா? இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. உழவர்கள் எல்லோரும் கேட்கத் தொடங்கினால், கருவி இல்லாத இயந்திரத்துக்கு வேலை கிடைக்காது. சொந்த டிராக்டர் இல்லாதவர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து, களத்துக்கென ஒரு 6 கிலோ கருவியை வாங்கிப் பொதுவில் வைத்துக்கொள்ளலாம்.

டிராக்டர் வைத்திருப்போர் தம் காப்பீட்டுப் பத்திரத்தையும் ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நல்லது. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால், சொந்த வண்டி எரிந்ததற்கு இழப்பீடு கிடைக்காது.

களத்துமேட்டில் நெல் குவியும் வரை உழவனுக்கு ஆயிரம் கவலைகள். மழையையும் பூச்சியையும் தாண்டி வீட்டு வாசலை நெருங்கிவிட்ட விளைச்சல் கடைசி நாளில் ஒரு பொறிக்குப் பலியாகக்கூடாது. அடுத்த முறை டிராக்டருக்கு கிரீஸ் டப்பா வாங்கக் கடைக்குப் போகும்போது, மறக்காமல் ஒரு தீயணைப்பானையும் விசாரித்துவிட்டு வரலாம்.