பழுதா? பாடமா?

இளம் அறிவியல் (இயற்பியல்), மூன்றாம் ஆண்டு

கணிப்பொறி விளையாட்டு என்ற சொல்லைக் கேட்டவுடன் பேராசிரியப் பெருமக்கள் முகம் சுளிப்பதும், மாணவ நண்பர்கள் முகம் மலர்வதும் இயல்பு. இரு சாராரும் ஒன்றாக அமர்ந்து பேசத்தக்க செய்தி ஒன்று அந்த விளையாட்டுக்குள் இருக்கிறது. கடந்த இரண்டு ஆண்டுகளாக விடுதி நண்பர்களின் கணிப்பொறிகளில் ஒரு போர் விமானச் சிமுலேட்டரை நிறுவவும், அது தகராறு செய்யும்போது சரிசெய்யவும், அதில் புதிய பகுதிகளைச் சேர்க்கவும் எனக்கு வாய்ப்புக் கிடைத்தது. ஆய்வுக்கூடத்தில் ஊசலையும் வில்லையையும் வைத்துக்கொண்டு கற்ற முறையே அங்கும் கைகொடுத்தது. அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிமுலேட்டர் என்பது யாது?

சாதாரண விளையாட்டில் விசையை அழுத்தினால் விமானம் மேலே போகும். விட்டால் கீழே வரும். சிமுலேட்டரில் அப்படி நடப்பதில்லை. விமானத்தின் வேகம், எடை, இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம், எஞ்சினின் சுழற்சி, உயரத்திற்கேற்ப மெலியும் காற்று ஆகிய அனைத்தையும் நொடிக்குப் பலமுறை கணக்கிட்டு, அடுத்த கணம் விமானம் எங்கே இருக்கும் என்று கணிப்பொறி முடிவு செய்கிறது. திரையில் தெரிவது படம். அதன் பின்னே ஓடுவது இயக்கவியல்.

நான் எடுத்துக்கொண்டது ‘ஐ.எல்-2 ஸ்டுர்மோவிக்’ என்னும் சிமுலேட்டர். ஒலெக் மடாக்ஸ் தலைமையில் மாஸ்கோவில் உருவாகி 2001-ஆம் ஆண்டு வெளிவந்தது. இரண்டாம் உலகப் போரின் கிழக்குப் போர்முனையே அதன் முதற்களம். செர்கேய் இல்யூஷின் வடிவமைத்த சோவியத் தாக்குதல் விமானத்தின் பெயரையே விளையாட்டிற்கும் சூட்டினர். ஓட்டுநரையும் எஞ்சினையும் கவசத் தகட்டுக்குள் வைத்துக் கட்டிய அவ்விமானம் 36,000-க்கும் அதிகமாகச் செய்யப்பட்டது. பின்னர் பசிபிக் களமும் பல நாட்டு விமானங்களும் சேர்ந்து, 2006-ஆம் ஆண்டின் இறுதியில் ‘1946’ என்ற பெயரில் முழுத் தொகுப்பாக வந்தது. நாமே ஓட்டக்கூடிய விமான வகைகள் மட்டும் அதில் 200-க்கு மேல். பழைய விளையாட்டுதான், எளிய கணிப்பொறியிலும் ஓடும் என்பதால் விடுதி மாணவர்க்கு ஏற்றது.

பழுது மூவகை

“ஓடவே இல்லை”, “கோணலாகப் போகிறது”, “நடுவானில் எஞ்சின் நின்றுவிடுகிறது” என்று நண்பர்கள் வந்து சொல்லும் குறைகள் பல. வகைப்படுத்தினால் மூன்றில் அடங்கும். முதலாவது, ஜாய்ஸ்டிக் போன்ற கருவியின் பழுது. இரண்டாவது, நிரலின் பழுது அல்லது அதன் அமைப்பில் நேர்ந்த பிழை. மூன்றாவது விந்தையானது. அது பழுதே அன்று. உண்மை விமானத்தில் இருந்த குணத்தை விளையாட்டு நேர்மையாகக் காட்டிக்கொண்டிருக்கிறது. இம்மூன்றையும் பிரித்தறியாமல் கைவைப்பவர், எல்லா நோய்க்கும் ஒரே மாத்திரை கொடுப்பவரை ஒப்பார். நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்த பிறகே மருந்து என்பது வள்ளுவர் மருத்துவனுக்கு வகுத்த முறை. கணிப்பொறிக்கும் அதுவே முறை.

விமானம் ஏன் இடப்பக்கம் இழுக்கிறது?

புதிதாக விளையாடுவோர் அனைவரும் கொண்டுவரும் முதல் முறையீடு இது. ஜெர்மானிய மெஸ்ஸர்ஷ்மிட் 109 விமானத்தில் ஏறி, எஞ்சினை முழு வேகத்தில் முடுக்கினால், ஓடுபாதையில் அது இடப்பக்கம் திரும்பிப் புல்வெளிக்குள் போய்விடும். ஜாய்ஸ்டிக் கெட்டுவிட்டது என்று நண்பர் சொல்வார்.

இயற்பியல் மாணவருக்குக் காரணம் எட்டக்கூடியதே. ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்தால் விசிறி வலஞ்சுழியாகச் சுழல்கிறது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி விமானத்தின் உடல் எதிர்த்திசையில் உருள முயன்று, இடச் சக்கரத்தைத் தரையில் அழுத்துகிறது. விசிறி தள்ளும் காற்று உடலைச் சுற்றிச் சுழன்று வந்து வால் துடுப்பின் இடப்புறத்தில் மோதுவதால் மூக்கு மேலும் இடப்பக்கம் திரும்புகிறது. உண்மை ஓட்டுநர்கள் வலக்கால் மிதியை மெல்ல அழுத்தி இதைச் சமாளித்தனர்.

ஆயினும் ஜாய்ஸ்டிக் உண்மையிலேயே கெட்டிருக்கவும் கூடும். எப்படித் தெரிந்துகொள்வது? அமெரிக்கப் பி-38 விமானத்திற்கு இரண்டு எஞ்சின்கள். இரண்டின் விசிறிகளும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சுழல்வதால் இழுப்புகள் தம்முள் கழிந்துவிடும். அதே ஜாய்ஸ்டிக்கோடு அதில் ஏறிப் பாருங்கள். நேராக ஓடினால் ஜாய்ஸ்டிக் மீதுள்ள ஐயம் பெரிதும் நீங்கும். ஆனால் பி-38-க்கு முன்சக்கரம் உண்டு, மெஸ்ஸர்ஷ்மிட்டிற்கு வால்சக்கரம். இரண்டு காரணிகள் ஒருசேர மாறியதால் இச்சோதனை முழுச் சான்றாகாது. எனவே இரண்டாம் சோதனை: மெஸ்ஸர்ஷ்மிட்டிலேயே ஏறி, விளையாட்டின் கடினநிலைப் பக்கத்தில் எஞ்சின் திருகுவிசையைக் குறிக்கும் ஒரே ஒரு குறியை மட்டும் அணைத்துவிட்டு ஓட்டவேண்டும். இழுப்பு மறைந்தால் அது விமானத்தின் குணம். மறையாவிட்டால் கருவியின் குறை. ஒரு நேரத்தில் ஒரே மாற்றம் என்று நம் ஆசிரியர்கள் ஓயாமல் சொல்வதன் பொருள் இங்கே விளங்கும்.

எஞ்சின் ஏன் நின்றது?

1940-ஆம் ஆண்டு பிரிட்டன் வான்போரில் பறந்த ஹரிக்கேன் விமானத்தில் ஏறி, எதிரியைத் துரத்தும்போது மூக்கைச் சட்டென்று கீழே அழுத்தினால் எஞ்சின் இருமி ஓய்கிறது. இதுவும் பழுதன்று, வரலாறு.

அவ்விமானத்தின் ரோல்ஸ்-ராய்ஸ் மெர்லின் எஞ்சினில் மிதவையுள்ள கார்புரேட்டர் இருந்தது. மூக்கைச் சட்டெனத் தாழ்த்தும்போது எரிபொருள் கிண்ணத்தின் மேற்பகுதிக்கு எழும்பிவிடும். எஞ்சினுக்கு முதலில் எரிபொருள் கிடைக்காது, அடுத்துத் தேவைக்கு மேல் பாய்ந்து மூழ்கடிக்கும். எதிரியின் டெய்ம்லர்-பென்ஸ் எஞ்சினோ எரிபொருளை உருளைகளுக்குள் நேரே பீய்ச்சியதால் அதற்கு இத்தொல்லை இல்லை. ஆகவே மெஸ்ஸர்ஷ்மிட் ஓட்டுநர்கள் நேராகக் கீழே பாய்ந்து தப்பினர். பிரிட்டிஷ் ஓட்டுநர்கள் விமானத்தை முதலில் தலைகீழாகப் புரட்டி, பிறகு இழுத்துப் பாயவேண்டியிருந்தது. அந்த ஓரிரு நொடியில் எதிரி கைநழுவிவிடுவான்.

1941-ஆம் ஆண்டு ஃபார்ன்பரோ ஆய்வு நிலையத்தின் பொறியாளர் பீட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண்மணி இதற்கு ஒரு தீர்வு கண்டார். எஞ்சின் முழு வேகத்தில் எவ்வளவு எரிபொருள் குடிக்குமோ அந்த அளவே செல்லவிடும் துளையுள்ள சிறு உலோகத் தடுப்பை எரிபொருள் வழியில் பொருத்தினார். முழு நிவாரணம் அன்று; ஆனால் மூழ்கடிப்பு நின்றது. எஞ்சினைப் புதிதாகக் கட்டவில்லை. காரணத்தைக் கண்டு, மிகச் சிறிய மாற்றத்தை மிகச் சரியான இடத்தில் செய்தார். பழுது நீக்குவோர்க்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேறு வேண்டியதில்லை.

உண்மையான பழுதுகள்

இனி, இரண்டாம் வகைக்கு வருவோம். இந்த விளையாட்டின் அமைப்புகள் பெரும்பாலும் ‘கான்ஃப்.ஐஎன்ஐ’ என்ற எளிய உரைக் கோப்பில் உள்ளன. திரையின் அகல உயரங்கள், நீரின் தோற்றம், ஜாய்ஸ்டிக்கின் கூர்மை எல்லாம் அங்கே எண்களாக இருக்கும். ஜாய்ஸ்டிக் வரிசையில் 1, 4, 9, 16 என்று தொடங்கி 100 வரை எழுதிப் பாருங்கள். இவை 1 முதல் 10 வரையுள்ள எண்களின் வர்க்கங்கள் என்பது உடனே புலப்படும். நடுநிலைக்கு அருகே கை சற்று அசைந்தாலும் விமானம் துள்ளாமல், கடைசிவரை தள்ளினால் முழு விசையும் கிடைக்க இவ்வரிசை உதவுகிறது. 10, 20, 30 என்று சமமாக எழுதினால் நடுவில் துள்ளல் மிகும். பாடநூலில் வளைகோடாகக் கண்டதைக் கையால் உணரலாம்.

கோப்பைத் திருத்தியும் பயன் இல்லையே என்று சிலர் சோர்ந்துபோவர். விண்டோஸின் பிற்காலப் பதிப்புகளில், ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ கோப்புறைக்குள் பழைய நிரல் எழுத முயன்றால், பாதுகாப்பு கருதி அந்த எழுத்து வேறொரு மறைவிடத்திற்குத் திருப்பிவிடப்படும். பின்னர் விளையாட்டு மறைவிடத்து நகலைப் படிக்கும். நாம் மூலக் கோப்பைத் திருத்திக்கொண்டிருப்போம். இதைக் கண்டுபிடிக்க, கண்ணுக்குத் தெரிந்தே தீரவேண்டிய ஓர் எண்ணை, எடுத்துக்காட்டாகத் திரையின் அகலத்தை, மாற்றிப் பாருங்கள். திரை மாறாவிட்டால் நாம் திருத்தும் கோப்பும் விளையாட்டு படிக்கும் கோப்பும் வேறுவேறு. விளையாட்டைத் தனிக் கோப்புறை ஒன்றில் நிறுவிவிட்டால் இத்தொல்லை தீரும்.

மாட் என்னும் திருத்தப் பொதி

விளையாட்டை உருவாக்கியவர் அல்லாத பிறர் செய்து சேர்க்கும் பகுதிக்கு ‘மாட்’ என்று பெயர். எளியது விமானத்திற்கு வண்ணம் பூசுவது. 1024-க்கு 1024 புள்ளிகளும் 256 வண்ணங்களும் கொண்ட படம் ஒன்றை வரைந்து உரிய கோப்புறையில் வைத்தால் போதும். புது விமானம் சேர்ப்பது கடினம். விமானங்களின் பெயர்ப் பட்டியல் ‘ஏர்.ஐஎன்ஐ’ என்ற கோப்பில் இருக்கிறது. அதில் பெயரை எழுதிவிட்டு விமானத்தின் நிரல் பகுதியை வைக்காவிட்டால் விளையாட்டு ஏறும்போதே பாதியில் நின்றுவிடும். வருகைப் பதிவேட்டில் பெயர் இருந்து, வகுப்பில் ஆள் இல்லாத நிலை அது.

மாட் சேர்ப்பவர் மறவாதிருக்கவேண்டியவை மூன்று.

முதலாவது, மூலத்தைத் தொடாதீர்கள். தூய விளையாட்டின் நகல் ஒன்று எப்போதும் தனியே இருக்கட்டும். பொதிகளைச் சேர்க்கவும் நீக்கவும் ‘ஜோன்சாஃப்ட்’ என்ற சிறு கருவி உண்டு. மாற்றப்படும் கோப்பை அது முதலில் பத்திரப்படுத்திவிட்டுப் புதியதை வைக்கும். உணவுக்கூடத்துத் தட்டுகளைப்போல மேலே வைத்ததைத்தான் முதலில் எடுக்கவேண்டும். அடியில் உள்ளதை உருவ முயன்றால் அடுக்கு சரியும்.

இரண்டாவது, ஒவ்வொன்றாகச் சேர்த்து ஒவ்வொரு முறையும் ஓட்டிப் பாருங்கள்.

மூன்றாவது, ஏற்கெனவே 20 பொதிகள் சேர்ந்த கணிப்பொறி உங்களிடம் வந்தால் பாதிப் பாதியாகப் பிரியுங்கள். 10-ஐ நீக்கி ஓட்டினால் குறை எந்தப் பாதியில் என்று தெரியும். பிறகு 5, அதன் பிறகு அதிலும் பாதி. 2-இன் ஐந்தாம் அடுக்கு 32 ஆதலால், ஐந்து சோதனைக்குள் ஒற்றைக் குற்றவாளி அகப்பட்டுவிடுவான். இரண்டு பாதிகளும் தனித்தனியே நன்றாக ஓடினால், பழுது இரண்டு பொதிகளின் சேர்க்கையில் இருக்கிறது என்று கொள்க.

எதைத் திருத்தலாம்?

2007-ஆம் ஆண்டு வரை இவ்விளையாட்டின் உட்கோப்புகள் பூட்டியே இருந்தன. அவ்வாண்டு வெளியார் சிலர் பூட்டைத் திறந்தனர். புதிய எஞ்சின் ஒலிகள், தெளிவான ஓட்டுநர் அறைகள், புதிய விமானங்கள் எனப் பல நன்மைகள் விளைந்தன. கூடவே ஓர் ஐயமும் பிறந்தது. வலையத்தின் வழியே எதிர்த்துப் பறப்பவர் தம் விமானத்தின் வேகத்தையும் துப்பாக்கியின் வலிமையையும் கூட்டிக்கொள்ளவில்லை என்பதற்கு என்ன உறுதி? எல்லோருடைய விமானமும் ஒன்றே என்ற நம்பிக்கைதான் அந்தப் பந்தயத்தின் அடித்தளம். அது ஆடியது, விளையாடுவோர் இரு அணியாகப் பிரிந்தனர்.

‘டீம் டைடலாஸ்’ என்ற தன்னார்வக் குழு வேறு வழி கண்டது. உருவாக்கியவர்களின் இசைவோடு, எல்லோருக்கும் பொதுவான திருத்தங்களை அது வெளியிட்டது. 2010-ஆம் ஆண்டு வந்த 4.10 பதிப்பில், பாய்ச்சலிலிருந்து விமானத்தை அளவுக்கு மீறி வெடுக்கென இழுத்தால் அதன் உடல் சேதமுறும் என்ற விதி சேர்ந்தது. பழகிய கையோடு இழுத்து இறக்கையை முறித்துக்கொண்டவர்களுக்கு அது பழுதாகத் தோன்றியிருக்கும். உண்மையில் விளையாட்டு முன்பைவிட மெய்க்கு அருகே வந்திருந்தது.

இங்கேதான் நாம் சிந்திக்க வேண்டியிருக்கிறது. ஹரிக்கேன் எஞ்சின் நிற்காதபடி ஒரு மாட் செய்துகொள்ள முடியும். ஓட்டுவது சுகமாக இருக்கும். ஆனால் 1940-இல் இருபது வயது இளைஞர்கள் ஏன் விமானத்தைப் புரட்டிவிட்டுப் பாய்ந்தனர் என்ற கேள்வி அத்தோடு அழிந்துபோகும். ஷில்லிங் அம்மையாரின் துளைத்தகட்டுக்கும் வேலை இராது. திரை அகலத்தைத் திருத்துவது பழுது நீக்கல். எஞ்சினின் குணத்தைத் திருத்துவது சாட்சியைக் கலைத்தல். இரண்டிற்கும் பயன்படும் கருவிகள் ஒன்றே. வேற்றுமை திருத்துபவரின் அறிவில் இருக்கிறது.

செய்முறைத் தேர்வில் ஊசலின் அலைவுநேரம் எதிர்பார்த்தபடி வராவிட்டால், விடையைப் பார்த்து அளவீட்டைத் திருத்தும் ஆசை நம்மில் யாருக்கு வந்ததில்லை? அதுவும் ஒருவகை மாட்தான். நூல் நழுவுகிறதா, கடிகாரம் பிந்துகிறதா, அல்லது ஊசல் நாம் இன்னும் கற்காத ஒன்றைச் சொல்கிறதா என்று ஒவ்வொன்றாக விலக்கிப் பார்ப்போம். அப்படிப் பார்த்த பிறகும் குறை நீங்காமல் நின்றால், அந்த எண்ணை அப்படியே ஏட்டில் எழுதிவைப்போம், நண்பர்களே.