கதிர்வீச்சுச் சிகிச்சையின் மூன்றாவது வாரம்

‘கரண்ட் வைக்கிறார்கள்’ என்றே நம்மில் பலர் கதிர்வீச்சுச் சிகிச்சையைக் குறிப்பிடுகிறோம். உண்மையில் உடலில் மின்சாரம் பாய்வதில்லை, வலியும் இராது. மேசையின் மீது சில நிமிடங்கள் அசையாமல் படுத்திருந்தால் அன்றைய சிகிச்சை முடிந்துவிடும். முதல் இரண்டு வாரங்கள் பெரிய தொல்லையின்றிக் கழியும். மூன்றாவது வாரத்தில் வாயில் புண் தோன்றி, உணவு இறங்காமல் எடை குறையும்போதுதான், ‘சிகிச்சையே நோயை வளர்க்கிறதோ?’ என்னும் ஐயம் குடும்பத்தில் எழுகிறது. சிலர் பாதியிலேயே ஊர் திரும்பிவிடுகின்றனர். புகையிலையால் வாய்ப்புற்றுநோய் மிகுந்துள்ள நம் நாட்டில் இது பெரும் இழப்பு. எனவே, அந்தப் புண் ஏன் வருகிறது என்பதை முன்னரே அறிந்திருப்பது நல்லது.

லீனியர் ஆக்சிலரேட்டர் கருவியிலிருந்தோ கோபால்ட் 60 கருவியிலிருந்தோ புறப்படும் கதிர், செல்லினுள் இருக்கும் நீர் மூலக்கூறுகளைச் சிதைக்கிறது. அதில் தோன்றும் வினைமிகு துகள்கள் டி.என்.ஏ. இழைகளை அறுக்கின்றன. கதிருக்கு நல்ல செல், கெட்ட செல் என்ற பாகுபாடு தெரியாது. கட்டியை அடைய அது தோலையும் தசையையும் கடந்தே ஆக வேண்டும். வேறுபாடு, பழுதைச் சீர்செய்யும் திறனில் இருக்கிறது. நலமான செல்கள் அறுந்த இழைகளில் பெரும்பாலானவற்றைச் சில மணி நேரத்தில் ஒட்டிக்கொள்கின்றன. புற்றுநோய்ச் செல்கள் இதில் பின்தங்குகின்றன.

ஆகவேதான், தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய்க்குரிய 66 முதல் 70 கிரே வரையிலான கதிரளவை, நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 கிரே வீதம், வாரம் 5 நாள்களாகப் பிரித்து, 33 முதல் 35 தவணைகளில் தருகின்றனர். தவணை தவறினால் என்ன ஆகும் என்பதை வங்கி வாடிக்கையாளர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. இங்கும் வட்டி உண்டு: இடைவெளியில் எஞ்சிய புற்றுநோய்ச் செல்கள் விரைந்து பெருகுகின்றன. சிகிச்சை ஒரு நாள் நீண்டால், நோய் கட்டுப்படும் வாய்ப்பு ஏறத்தாழ 1 விழுக்காடு குறைவதாக மதிப்பிடப்படுகிறது. தவிர்க்க இயலாமல் ஒரு நாள் விடுபட்டால் மருத்துவரிடம் உடனே கூறுங்கள். சனிக்கிழமையிலோ, ஒரே நாளில் 6 மணி நேர இடைவெளியுடன் இருமுறையோ அதனை ஈடுசெய்ய வழியுண்டு.

மூன்றாவது வாரக் கணக்குக்கு வருவோம். வாயின் உட்புறச் சவ்வு ஓரிரு வாரங்களுக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. பழைய அடுக்கு வழக்கம்போல் உதிர்கிறது. கதிர்பட்ட அடித்தளச் செல்கள் புதிய அடுக்கை உரிய காலத்தில் தர இயலாமல் திணறுகின்றன. அந்த வெற்றிடமே புண். தோல் கருத்து உரிவதும் இதே காரணத்தால்தான். முடி உதிர்வது கதிர் படும் இடத்தில் மட்டுமே. சிகிச்சை முடிந்த சில வாரங்களில் இவை பெரும்பாலும் ஆறிவிடும். அதுவரை உப்பும் சமையல் சோடாவும் கலந்த வெதுவெதுப்பான நீரால் வாய் கொப்பளிப்பதும், காரத்தை விலக்குவதும் உதவும். மூக்குக்குழாய் வழியே உணவு தரலாம் என்று மருத்துவர் கூறினால் அதைத் தோல்வியாகக் கருத வேண்டாம். எடை குறையாமல் இருப்பதே அப்போது முதன்மையானது.

நெடுநாள் நீடிக்கும் விளைவுகள் வேறுவகை. உமிழ்நீர்ச் சுரப்பிகள் எளிதில் மீள்வதில்லை. காதோரச் சுரப்பிக்குச் செல்லும் சராசரி அளவை 26 கிரேக்குக் கீழ் நிறுத்த முடிந்தால் உமிழ்நீர் ஓரளவு திரும்புகிறது. புதிய கருவிகளின் பெரும்பயன் இதுவே. உமிழ்நீர் குறைந்தால் பற்கள் சொத்தையாகும். கதிர்பட்ட தாடையெலும்பில் இரத்த ஓட்டம் குறைந்திருப்பதால், பின்னாளில் பல் பிடுங்கினால் காயம் ஆறாமற்போகலாம். ஆதலால், பிடுங்க வேண்டிய பற்களைச் சிகிச்சைக்கு முன்பே பிடுங்கி, காயம் ஆறியபின் தொடங்குவதே முறை. அவசரத்தில் பலர் தவறவிடுவது இந்தப் பல் பரிசோதனையைத்தான்.

வெளியிலிருந்து கதிர் பெறுபவரின் உடலில் கதிர் தங்குவதில்லை. வீடு திரும்பியதும் பேரக்குழந்தையைத் தாராளமாக மடியில் வைத்துக்கொள்ளலாம்.

இறுதியாகச் செலவு. தகுதியுள்ள குடும்பங்களுக்கு ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பு உண்டு. கதிர்வீச்சுச் சிகிச்சையும் அதில் அடங்கும். சிகிச்சைக்காகப் பயணம் செய்யும் புற்றுநோயாளிக்கும் உடன்செல்பவருக்கும் இரயில்வே கட்டணச் சலுகை அளிக்கிறது. ஆனால், வெளியூரில் ஆறு, ஏழு வாரம் தங்கும் வாடகையும் உணவும் பெரும்பாலும் நம் கைப்பணத்திலிருந்தே செல்ல வேண்டியிருக்கும். முதல் தவணைக்கு முன்பே அத்தொகையைத் தனியாக ஒதுக்கி வையுங்கள்.