கிளிக்கும் வலைக்கும் நடுவே கொய்யா

அலகாபாத் தோப்புகளில் காவல் பழையது, வலை புதியது. தீர்வோ மரத்தின் உயரத்தில் இருக்கிறது.

கார்த்திகை பிறந்துவிட்டால் அலகாபாத், கௌசாம்பி வட்டாரக் கொய்யாத் தோப்புகளில் பொழுது விடிந்ததைச் சொல்வது சேவல் அல்ல, தகர டப்பா. உச்சிக் கிளையில் கட்டிய டப்பாவிலிருந்து இறங்கும் கயிறு, கீழே கயிற்றுக் கட்டிலில் போர்வைக்குள் முடங்கியிருக்கும் காவல்காரரின் கையில் முடிகிறது. பனிமூட்டத்துக்குள் 'கீ... கீ...' என்ற கூச்சல் கேட்டதும் கயிறு இழுபடுகிறது, டப்பா அலறுகிறது. பச்சைக் கூட்டம் ஒன்று எழும்பிப் பக்கத்துத் தோப்பில் போய் இறங்குகிறது. அங்கே இன்னொரு டப்பா காத்திருக்கிறது.

கௌசாம்பி 1997ல் தனி மாவட்டமானது. அலகாபாத் 2018ல் பிரயாக்ராஜ் ஆனது. பழத்தின் பெயர் மட்டும் மாறவில்லை. அலகாபாத் சஃபேதாவுக்கு நாடெங்கும் கிராக்கி. தோலும் சதையும் சிவந்த சுர்க்கா புவிசார் குறியீடு பெற்ற ரகம். இரண்டையும் சந்தைக்கு முன்பே ருசி பார்த்துவிடுவது செந்தார்ப் பைங்கிளி, அதாவது நம் ஊர் ஜோசியக்காரர் கூண்டில் பார்த்த அதே கிளி.

பசிக்குத் தின்றுவிட்டுப் போனால் யாரும் பெரிதாக வருந்தமாட்டார்கள். கிளியின் பழக்கம் வேறு. ஒரு காயை இரண்டு கொத்து கொத்தி எறிந்துவிட்டு அடுத்ததற்குத் தாவும். பழுக்கும்வரை காத்திருக்கும் பொறுமையும் அதற்குக் கிடையாது, செங்காயிலேயே கைவைத்துவிடும். கூட்டமாக உறங்கும், கூட்டமாகவே மேயக் கிளம்பும். காலையிலும் மாலையிலும்தான் வேட்டை மும்முரம். அலகு பட்ட பழத்தைச் சந்தையில் எவரும் தொடமாட்டார்கள்.

இந்த நஷ்டம் பல தோப்புகளில் உரிமையாளரின் தலையில் விழுவதில்லை. பூவையும் பிஞ்சையும் பார்த்தே மரத்தைக் குத்தகைக்கு விடுவது வட இந்தியப் பழத்தோட்டங்களின் வழக்கம். மழைக்காலத்தில் பூத்தது பனிக்காலத்தில் பழமாகும்வரை நாலைந்து மாதம் பூச்சி, மழை, கிளி எல்லாமே குத்தகைதாரரின் பாடு. பலர் கடன் வாங்கிப் பணம் கட்டியவர்கள். குடும்பத்தோடு தோப்பிலேயே குடிசை போட்டுத் தங்குபவர்களும் உண்டு. பள்ளிக்கூடம் போக வேண்டிய சிறுவன் கையில் கவண் ஏறுவது இப்படித்தான்.

தினைப்புனம் காத்த குறமகளைப் பாட்டில் படித்த நமக்கு இந்தக் காட்சி புதிதல்ல. தட்டை, குளிர், தழல் என்று அன்றே கிளி ஓட்டும் கருவிகளுக்குப் பெயர் இருந்தது. ஆனால் கருவி எதுவானாலும் சிக்கல் ஒன்றுதான்: கிளி கற்றுக்கொள்கிறது. வைக்கோல் பொம்மை ஓரிரு நாளில் அதற்கு உட்காரும் கொம்பாகிவிடும்.

1980களில் வேளாண் விஞ்ஞானிகள் ஜிகினா நாடாவைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒருபுறம் சிவப்பு, மறுபுறம் வெள்ளி. லேசாக முறுக்கிக் கம்புகளுக்கிடையே கட்டினால் வெயிலில் மின்னும், காற்றில் ரீங்கரிக்கும். இந்தியா, வங்கதேசம், பிலிப்பைன்ஸ் வயல்களில் அது ஓரளவு பலன் தந்தது. முற்றும் தறுவாயில் சில நாட்களே ஆபத்திலிருக்கும் கதிருக்கு அது போதும். வாரக்கணக்கில் பறிப்பு நீளும் கொய்யாவுக்குத் தனியாகப் போதாது. இடத்தை மாற்றி மாற்றிக் கட்டி, நடுநடுவே ஓசையும் சேர்த்தால்தான் பயம் நீடிக்கும்.

ஓசைக்கென வந்த கார்பைடு துப்பாக்கியோ வேறு விபரீதத்தைக் கொண்டுவந்தது. பிளாஸ்டிக் குழாயில் கார்பைடும் தண்ணீரும் சேர்த்து வெடிக்கும் இந்த நாட்டுச் சரக்கு, குரங்கையும் பறவையையும் விரட்ட வயலுக்கு வந்தது. பிறகு பட்டாசாகத் தெருவுக்குப் போனது. 2025 தீபாவளியின்போது மத்தியப் பிரதேசத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கண் காயத்தோடு மருத்துவமனைகளில் சேர்ந்தார்கள். பெரும்பாலோர் சிறுவர்கள்.

மிச்சமிருப்பது வலை. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நைலான் வலையை மரத்தின் மேல் தொளதொளவென்று போர்த்துவது மலிவு, சுலபம். அதில் சிக்கும் கிளி சிறகடிக்கச் சிறகடிக்க இறுகி, உச்சி வெயிலில் தொங்கிச் சாகும். பூச்சி பிடித்து விவசாயிக்கு உதவும் மைனாவும் ஆந்தையும்கூட இதில் தப்புவதில்லை. பொறிவைத்தும் கண்ணிவைத்தும் பிடிப்பதை 1972ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்றே கணக்கிடுகிறது. உயிரோடு பிடிபட்ட கிளியைக் கூண்டிலடைப்பதும் விற்பதும் குற்றம்.

வலையே கூடாது என்பதல்ல. தூண் நட்டு, சட்டமடித்து, விறைப்பாகக் கட்டிய வெள்ளை வலையைப் பறவை தூரத்திலேயே பார்த்து விலகிப்போகும், சிக்காது. காயைப் பிஞ்சிலேயே நுரை உறையும் பையும் போட்டு மூடுவது இன்னும் நல்ல வழி. சத்தீஸ்கரில் பெரிய காய் ரகங்களுக்கு இப்படித்தான் செய்கிறார்கள். பழ ஈயும் அண்டாது.

ஆனால் இரண்டுக்குமே மரம் கைக்கெட்டும் உயரத்தில் இருக்க வேண்டும். அலகாபாத்தின் பழைய தோப்புகளிலோ ஓங்கி வளர்ந்த மரங்கள். ஏணி வைத்து ஒவ்வொரு காய்க்கும் பை மாட்டக் கூலி கட்டுப்படியாகாது. லக்னோவை அடுத்த ரஹ்மான்கேடாவிலுள்ள மத்திய மிதவெப்ப மண்டலத் தோட்டக்கலை நிறுவனம் இதற்கொரு வழி காட்டியிருக்கிறது. 2 மீட்டருக்கு 1 மீட்டர் இடைவெளியில் ஹெக்டேருக்கு 5,000 கன்றுகள் நட்டு, அடிக்கடி கவாத்து செய்து குட்டையாகவே வளர்ப்பது அந்த முறை. விளைச்சலுக்காக வந்த முறைதான். கிளியிடமிருந்து காப்பாற்றவும் அதுவே கைகொடுக்கும்.

முதுமரத்தைத் தரித்துத் தாழ்த்துவதும் புதுக்கன்று நடுவதும் நிலத்துக்குச் சொந்தக்காரர் செய்ய வேண்டிய செலவு. ஒரு போகத்துக்கு மட்டும் மரத்தை எடுக்கும் குத்தகைதாரர் அதில் காசு போடமாட்டார். அவருக்குக் கட்டுப்படியாவது மெல்லிய வலை மட்டுமே. உரிமையாளர் குத்தகைக் காலத்தைச் சில ஆண்டுகளாக நீட்டி, கவாத்துச் செலவில் பங்கு ஏற்றால் கணக்கு மாறும். அதுவரை நஷ்டம் குத்தகைதாரருக்கு, சாவு கிளிக்கு.